பாடைக் கொட்டகைக்கு நான் வைத்த தீ

தால்சொன் காவல் நிலையத்தில் 1925ஆம் வருடம் நவம்பர் மாதம் 21ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு, தானாக வந்து ஆஜரான எதிரி கொரிய மொழியில் சொல்லச் சொல்ல, துணைக் காவலர் யூன் அதை ஜப்பானிய மொழியில் ஆய்வாளருக்கு எடுத்துச் சொல்லிப் பதிவு செய்த வாக்குமூலம்.

என் பெயர் சூ கில்தோல். வயது நாற்பத்து மூன்று. தகப்பனார் பெயர் சூ மங்சொக், காலமாகிவிட்டார். ஆற்றுக்குத் தெற்கே உள்ள குடியிருப்பில் ஏழாவது வீட்டில் வசிக்கிறேன். தொழில் மாடு அறுப்பது. எழுதப் படிக்கத் தெரியாது. மனைவி பெயர் புன்னெ. எங்களுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் சின்ன வயதிலேயே இறந்துவிட்டன. இதற்கு முன் என் மேல் வழக்கு எதுவும் கிடையாது.

எங்கள் குடியிருப்பில் பதினாறு வீடுகள் இருக்கின்றன. எல்லோரும் பெக்ஜொங் சாதி. மாடு அறுப்போம், தோல் பதம் பண்ணுவோம், கூடை முடைவோம். ஊர்ப் பிள்ளை ஐந்து வயதில் "டேய் கில்தோல்" என்று கூப்பிட்டாலும் "சொல்லுங்க சின்னய்யா" என்றுதான் நாங்கள் சொல்ல வேண்டும். எங்கள் ஆண்கள் குதிரைமயிர்த் தொப்பி வைக்கக் கூடாது. எங்கள் பெண்கள் கல்யாணத்தில் கொண்டையில் வெள்ளி ஊசி செருகக் கூடாது. எங்கள் பிணம் பாடையில் போகக் கூடாது, மாட்டு வண்டியில்தான் போக வேண்டும். முப்பது வருடத்துக்கு முன்பே ராஜாவின் அரசாங்கம் இதையெல்லாம் ரத்து செய்துவிட்டது என்று எங்கள் சாதிச் சங்கத்துப் பிரதிநிதி பெக் உன்தெக் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேற்படி உன்தெக் எங்கள் சாதியில் படித்தவர், மாகாணத் தலைநகரில் இருப்பவர். அவர் வந்து போன வருடம் எங்கள் குடியிருப்பில் சங்கத்தின் கிளையைத் தொடங்கி வைத்தார்.

கடந்த அக்டோபர் 8ஆம் தேதி என் தகப்பனார் நெஞ்சுச் சளியில் இறந்து போனார். வயது எழுபத்தொன்று. அவரைப் பாடையில் கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான். அவர் அல்ல. சாவதற்கு இரண்டு நாள் முன்பு நான் அதைச் சொன்னபோது, "எனக்கு எதுக்குடா அந்த ஆடம்பரம். வண்டியில போனா சாய்ஞ்சு படுத்துக்கிட்டுப் போவேன்" என்றார். நான் கேட்கவில்லை. ஊர்த் தச்சர்கள் செய்து தர மாட்டோம் என்றதால், தோல் காயப்போடும் கம்புகளைக் கட்டி நாங்களே பாடை செய்தோம். என் மனைவி வெள்ளைக் காகிதத்தில் பூக்கள் செய்து ஒட்டினாள்.

பாடைக்கு முன்னால் மணியாட்டிப் பாட ஒருவர் வேண்டும். எங்கள் ஆட்களில் அந்தப் பாட்டு தெரிந்தவர் யாரும் இல்லை, ஏனென்றால் அது எங்களுக்கு எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. ஊரில் எல்லாச் சாவுக்கும் பாடுகிறவர் மா சுன்சாம். வயது ஐம்பத்தைந்து இருக்கும். எங்கள் சாதி அல்ல. நான் அவர் வீட்டு வேலிக்கு வெளியே மண்டியிட்டுக் கேட்டேன். அவர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "எந்திரிங்க அண்ணே, முட்டி வலிக்கப் போகுது. செத்தவனுக்குத்தானே பாடறேன், அவன் என்ன எங்கிட்ட சாதியா சொல்லப் போறான்? தொண்டை காயாம பாத்துக்கிட்டா போதும்" என்றார். அதன் பிறகு அரிசிக் கள் இரண்டு கிண்ணம் குடித்தார். எங்கள் சாதி அல்லாத ஒருவர் என்னிடம் "எந்திரிங்க" என்று சொன்னது எனக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் தடவை.

அக்டோபர் 10ஆம் தேதி காலை பத்து மணி வாக்கில் பாடையைத் தூக்கினோம். இடுகாட்டு மேட்டுக்குப் போக வேண்டுமானால் சந்தைத் தெரு வழியாகப் போய்க் கல்பாலத்தைத் தாண்ட வேண்டும், வேறு பாதை கிடையாது. பாலத்தில் ஊரார் இருநூறு பேர் வரை நின்றார்கள். முன்னால் நின்றவர் ரைஸ் மில் முதலாளி ஓ சங்யூ. அவர் என்னைப் பார்த்து, "ஏண்டா, பல்லக்குல போற அளவுக்கு உங்கப்பன் எந்த ஊரு மந்திரியா இருந்தான்? இறக்குடா கீழே" என்றார். நான், "ஐயா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடுங்க ஐயா" என்றேன். மா சுன்சாம் மணியை நிறுத்தவில்லை, பாடிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு யார் முதலில் கம்பைப் பிடித்து இழுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பாடை சாய்ந்து பிணப்பெட்டி பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. தண்ணீர் முழங்கால் அளவுதான். பெட்டியின் மூடி கழன்றுவிட்டது. நான் இறங்கியபோது என் தகப்பனாரின் ஒரு காலில் மட்டும் துணிக் காலுறை இருந்தது. மற்றொன்று தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. நான் உடம்பை விட்டுவிட்டுக் காலுறையின் பின்னால் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று ஆய்வாளர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதை நான் பிடிக்கவும் இல்லை.

காவலர் இருவர் நிலையத்துப் படியில் நின்று இதைப் பார்த்தார்கள். இது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது என்று ஆய்வாளர் சொன்னார். எழுதியதை எனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

அன்று ஊரார் மா சுன்சாமையும் அடித்தார்கள். அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. "பெக்ஜொங் பிணத்துக்குப் பாடின வாயால எங்க வீட்டுச் சாவுக்குப் பாடுவியா?" என்று கேட்டு, ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். சில நாள் கழித்து அவரை வீட்டில் காணவில்லை. வடக்கே மச்சினன் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவர் மனைவி மட்டும் சந்தையில் டோஃபு விற்றுக்கொண்டிருந்தார், நாங்கள் அவரிடம் பேசினால் அவருக்குத் தொந்தரவு என்று யாரும் பேசவில்லை.

அதன் பிறகு சங்கத்தின் பெயரில் மூன்று மனுக்கள் இந்த நிலையத்தில் கொடுக்கப்பட்டன. மூன்றாவது மனுவின்போது நானும் வந்திருந்தேன். இது பழக்கவழக்கம் சம்பந்தப்பட்ட தகராறு, இரண்டு தரப்பும் மன்னிப்புக் கேட்டுச் சமாதானமாகப் போங்கள் என்று அப்போது இருந்த அதிகாரி சொன்னார். வெளியே வந்ததும் என் மைத்துனன் தோக்கி, "நாம எதுக்கு மாமா மன்னிப்புக் கேக்கணும்? ஆத்துல தண்ணி கம்மியா இருந்ததுக்கா?" என்று கேட்டான். பெக் உன்தெக் அவனை அடக்கினார். "நீ ஒரு தடவை கை ஓங்கினாப் போதும், முன்னூறு வருஷமா அவங்க நம்மளப் பத்திச் சொன்னதெல்லாம் நிஜமாயிடும். கத்தி பிடிக்கிற சாதிடா நாம. நமக்குக் கோபம் வர உரிமை கிடையாது" என்றார். அதற்கு தோக்கி, "அப்ப நமக்கு எதுக்குத்தான் அண்ணே உரிமை இருக்கு?" என்றான். நான் இரண்டு பேரும் சொல்வது சரி என்று நினைத்தேன்.

அதன் பிறகு நவம்பர் 1ஆம் தேதி முதல் நாங்கள் மாடு அறுப்பதை நிறுத்தினோம். கறியும் தோலும் ஊருக்குப் போகவில்லை. 9ஆம் தேதி மதியம் ஊரார் நூறு பேர் வரை தடிகளுடன் எங்கள் குடியிருப்புக்கு வந்தார்கள். முதலில் குழம்புக்குச் சோயா விழுது போட்டு வைக்கும் ஜாடிகளை உடைத்தார்கள். ஒரு வீட்டின் ஜாடியை உடைத்தால் வருடம் முழுவதும் அந்த வீட்டில் குழம்பு கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும், அவர்கள் வீட்டிலும் அதே ஜாடிதான். என் மனைவி எங்கள் ஜாடியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். ஜாடிக்கு விழ வேண்டிய அடி அவளுடைய வலது கையில் விழுந்தது. எலும்பு கட்டுகிற வைத்தியர் எங்கள் வீட்டுக்கு வர மறுத்துவிட்டார். நான் மாட்டு எலும்பைப் பார்த்துப் பழகியவன் என்பதால் நானே கட்டினேன். சரியாகக் கூடவில்லை. இப்போது அந்தக் கை வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. அவள் எதற்கும் அழவில்லை. ஜாடி தப்பியதா என்று மட்டும் கேட்டாள். ஜாடி தப்பவில்லை, ஆனால் தப்பியது என்று நான் சொன்னேன்.

அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. யாரை அடிப்பது என்று யோசித்தேன். ஓ சங்யூவைக் குத்தலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். ஆனால் ஒரு மாட்டைக் கீழே சாய்ப்பதற்கு முன்பு அதன் கண்ணை மூடுகிறவன் நான், மனிதனை நேருக்கு நேர் பார்த்து என்னால் முடியாது என்று தெரிந்தது. அதனால் ஊர்ச் சாவுக்கெல்லாம் பொதுவாக எடுக்கும் பாடையை வைத்திருக்கும் பாடைக் கொட்டகையைக் கொளுத்துவது என்று முடிவு செய்தேன். எங்களுக்குப் பாடை இல்லையென்றால் அவர்களுக்கும் இல்லாமல் போகட்டும், அவர்கள் அப்பனும் ஒரு நாள் மாட்டு வண்டியில் போகட்டும் என்று நினைத்தேன். அந்தக் கொட்டகை ஊருக்கு வடக்கே மலையடியில் தனியாக இருக்கிறது. பேய்க்குப் பயந்து சாவு நாள் தவிர வேறு நாளில் யாரும் அங்கே போவதில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தோக்கிக்கும் தெரியாது. அவனை இதில் சேர்க்க வேண்டாம்.

நவம்பர் 16ஆம் தேதி சந்தை நாள். ஊரார் எல்லோரும் சந்தையில் இருக்கும் நேரம் பார்த்து, மதியம் சுமார் பன்னிரண்டு மணிக்கு, வீட்டிலிருந்த மண்ணெண்ணெய் டின்னை விறகுக் கூடைக்குள் வைத்து முதுகில் மாட்டிக்கொண்டு போனேன். என் தொழிற்கத்தியும் இடுப்பில் இருந்தது, அது எப்போதும் இருக்கும். கொட்டகையின் கதவு வெளியே வைக்கோல் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. வெளியே கட்டியிருந்ததால் உள்ளே யாரும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். தட்டிப் பார்க்கவில்லை. கூப்பிட்டும் பார்க்கவில்லை. பின்பக்கக் கூரையிலும் சுவரிலும் எண்ணெய் ஊற்றித் தீ வைத்தேன். அதன் பிறகு ஓடிவிடாமல் இருபது அடி தள்ளி ஒரு பைன் மரத்தடியில் நின்று பார்த்தேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று ஆய்வாளர் கேட்டார். அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாகப் பசித்தது. இது உண்மை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே மணிச் சத்தம் கேட்டது. பாடையின் மூலைகளில் தொங்கும் மணிகள் சூட்டில் கழன்று விழுகின்றன என்று நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை. ஒரே சீராக வந்தது. கையால் ஆட்டினால்தான் மணி அப்படிக் கேட்கும். அதன் பிறகு மனிதக் குரல் கேட்டது. நான் ஓடிப்போய்க் கத்தியால் கயிற்றை அறுத்துக் கதவை இழுத்தேன். மா சுன்சாம் கதவுக்கு இரண்டு முழம் தள்ளி, கட்டுப் போட்ட காலோடு தரையில் ஊர்ந்துகொண்டிருந்தார். பாடைக் கம்பு ஒன்று அவர் முதுகின் மேல் எரிந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளிவிட்டு அவரை வெளியே இழுத்தேன். என் கைகளில் இருக்கும் காயங்கள் அப்போது ஏற்பட்டவை.

அவர் எந்த ஊருக்கும் போகவில்லை என்று அவர் மனைவி பின்னால் சொல்லித் தெரிந்துகொண்டேன். நடக்க முடியாத காலோடு வேறு ஊர் போக வழியில்லாமல், யாரும் வராத இடம் என்று கொட்டகையிலேயே ஒளிந்திருக்கிறார். அவர் மனைவி தினமும் விடியற்காலையில் சோறு கொண்டு வந்து வைத்துவிட்டு, சந்தேகம் வராமலிருக்கக் கதவை வெளியே கட்டிவிட்டுப் போவாராம்.

மேற்படி சுன்சாமின் முதுகும் தலையும் வெந்துபோயிருந்தன. கண் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். "கில்தோல் அண்ணனா? நல்ல நேரத்துல வந்தீங்க அண்ணே" என்றார். பிறகு அவரே, "புகையப் பாத்து வந்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஊரை நோக்கி இறங்கினேன். வழியில் என் காதருகே ஏதோ முனகிக்கொண்டே வந்தார். வலியில் முனகுகிறார் என்று நினைத்தேன். அது அந்தப் பாட்டுதான் என்று பாலத்தருகே வந்தபோது புரிந்தது. அன்று மாலை சுமார் நான்கு மணிக்கு அவர் இறந்து போனார்.

சந்தைத் தெருவில் ஊரார் எங்களைப் பார்த்தார்கள். என் கையும் அவர் முதுகும் இருந்த நிலையைப் பார்த்து, தீயில் புகுந்து அவரைக் காப்பாற்ற முயன்றவன் நான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பெண் கிண்ணத்தில் தண்ணீர் கொடுத்தாள், அது அவள் வீட்டுக் கிண்ணம். எலும்பு வைத்தியர் தானாக வந்து என் கையில் மருந்து தடவினார். என் மனைவிக்கு வர மறுத்த அதே வைத்தியர். ஓ சங்யூ எல்லோருக்கும் கேட்கும்படி, "பெக்ஜொங்கா இருந்தாலும் இவன் மனுஷன்யா" என்றார். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் கூடி, இனி எங்கள் ஆட்களின் பிணம் கல்பாலம் வழியாகப் பாடையில் போகலாம், ஊர்க்காரர் யாரும் தடுக்க மாட்டார்கள் என்று பேசி முடித்ததாகச் சொல்லி அனுப்பினார்கள். தீ எப்படி வந்தது என்று கேட்டதற்கு, சுன்சாம் குளிருக்கு மூட்டிய நெருப்பாக இருக்கும் என்று ஊரிலேயே சொல்லிக்கொண்டார்கள். எங்கள் குடியிருப்பில் அன்று பன்றி அடித்தார்கள். தோக்கி என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "நீ ஒருத்தன் போதும் மாமா, நாங்க கத்தினதெல்லாம் வீண்" என்று அழுதான்.

நான் ஏன் உடனே உண்மையைச் சொல்லவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் சொல்வது முன்பைவிடக் கஷ்டமாக ஆனது.

19ஆம் தேதி காலை மா சுன்சாமின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் சாதி அல்ல, எங்கள் குடியிருப்புக்குள் ஊர்ப் பெண் யாரும் வந்ததில்லை. ஒரு தட்டில் சூடான டோஃபு கொண்டு வந்திருந்தார். வீட்டு வாசல் மண்ணில் தலை பட என்னை விழுந்து வணங்கினார். "கதவக் கட்டிட்டுப் போனவ நானு. என் கையாலதான் அவரு செத்தாரு. நீங்க அறுத்து விட்டீங்க அண்ணே. கடைசியில அவரு உங்க முதுகுல போனாரே, அது போதும் எனக்கு" என்றார். அதன் பிறகு, சூடு ஆறும் முன் சாப்பிடச் சொல்லி நான் வாயில் வைக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒரு துண்டு சாப்பிட்டேன்.

அவர் போன பிறகு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சொல்லாத. பதினாறு வீடு இருக்கு" என்றாள். சற்று நேரம் கழித்து, "அந்தம்மா தன் கையால செத்தாருன்னு நெனச்சுக்கிட்டே சாகணுமா?" என்றாள். 20ஆம் தேதி நான் மா சுன்சாமின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கிருந்து நேராக இங்கே வந்து ஆஜரானேன்.

நேற்று மாலை பெக் உன்தெக் இங்கே என்னை வந்து பார்த்தார். விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது என்றும், எங்கள் குடியிருப்பில் ஒன்பது வீடுகள் காலி செய்துகொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன என்றும், மிச்சம் இருப்பவர்கள் இன்று போவார்கள் என்றும் சொன்னார். பாலத்தைப் பற்றிய பேச்சு முடிந்து போனது. அவர் என்னிடம், "குடிச்சிருந்தேன்னு சொல்லு கில்தோல். குடிகாரன் ஒருத்தன் பண்ணினான்னா அது உன்னோட போகும். தெளிவா இருந்து பண்ணினேன்னா அது நம்ம எல்லார் தலையிலயும் விடியும். கால்ல வேணா விழறேன்" என்றார். என்னைவிடப் படித்தவர், எனக்காகவும் என் தகப்பனாருக்காகவும் மூன்று மனு எழுதியவர், கம்பிக்கு வெளியே மண்டியிட்டார். இரவு முழுவதும் யோசித்தேன்.

நான் குடித்திருக்கவில்லை. தெளிவாக இருந்துதான் செய்தேன். குடித்திருந்தேன் என்று எழுதினால், ஆற்றில் நடந்ததும் என் மனைவியின் கையும் இந்த வழக்கிலிருந்து போய்விடும், சாராயம் மட்டும்தான் மிஞ்சும். கொட்டகையை எரித்ததற்கு வருந்துகிறாயா என்று ஆய்வாளர் கேட்டார். கொட்டகைக்கு வருந்தவில்லை. அவ்வளவு நடந்த பிறகு ஒன்றும் செய்யாமல் இருக்க ஒரு மனிதனால் முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் செய்தது எங்களுக்காக மணியடித்த ஒரே மனிதர் மேல்தான் போய் விழுந்தது. ஓ சங்யூவின் மேல் ஒரு பொறிகூடப் படவில்லை. அவருக்குப் புதுப் பாடை வந்துவிடும். இந்த இரண்டையும் நான் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லட்டும்.

அக்டோபர் 10ஆம் தேதி பாலத்தில் நடந்தது வேறு விஷயம், இந்த வழக்குக்குத் தேவையில்லை, அந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று ஆய்வாளர் சொன்னார். அதை எடுத்தால் ரேகை வைக்க மாட்டேன் என்றேன். அதை எழுதுவதால் தண்டனையில் எந்த மாற்றமும் வராது என்றார். தெரியும் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

இதில் உள்ளதை யாரும் சொல்லிக்கொடுக்காமல், அடிக்குப் பயப்படாமல், என் வாயால் நானே சொன்னேன். துணைக் காவலர் யூன் எங்கள் பேச்சில் திரும்ப வாசித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது. கட்டை விரல்கள் இரண்டும் வெந்திருப்பதால் இடது கைச் சுண்டு விரல் ரேகை வைக்கப்பட்டது.

(சூ கில்தோல், இடது கைச் சுண்டு விரல் ரேகை)